கை நீட்டி நின்றவன்

பெங்களூரில் கடல் இல்லை என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் தொண்ணூறுகளின் நடுவில், பன்னிரண்டாம் வகுப்பான பி.யு.சி.யைத் தட்டுத்தடுமாறி முடித்த பையன்களைக் கப்பல் வேலைக்குத் தயார் செய்கிறோம் என்று போர்டு மாட்டிக்கொண்ட இடங்கள் இந்த ஊரில் இருக்கத்தான் செய்தன. நான் சேர்ந்த இடம் பிரேசர் டவுனில், பள்ளிவாசல் இருக்கும் மாஸ்க் ரோட்டைப் பார்த்த ஒரு கட்டடம். கீழே பேக்கரி, நடுவில் வீட்டுக்காரர் குடும்பம், மேலே எங்கள் வகுப்பறை. அதற்கும் மேலே இருந்த மொட்டைமாடிதான் எங்களுக்குக் கப்பல். தண்ணீர்த் தொட்டி இருந்த பக்கம் கப்பலின் முன்பக்கம் என்றும், துணி காயப்போடும் பக்கம் பின்பக்கம் என்றும் எங்களுக்குச் சொல்லப்பட்டது. அந்த வயதில் எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றும். நாங்கள் நம்பினோம்.

அங்கே சேர்ந்து படித்த மூன்று பேரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஒருவன் பிற்பாடு கடலில் விழுந்து செத்தான். இன்னொருவன் அப்போது கப்பல் ஓரத்தில் நின்று அவனை நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது ஆள் நான், கடலுக்கே போகாதவன். செத்தவனின் அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். "அந்தப் பையன் கண்ண எடுத்தானா, எடுக்கலையா?" அதற்குப் பதில் தெரிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. தெரிந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கை நீட்டுவது என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பலிலிருந்து ஓர் ஆள் தண்ணீரில் விழுந்தால், கப்பல் சிட்டி பஸ் மாதிரி பிரேக் போட்டு நிற்காது. வேகத்தைக் குறைத்து, பெரிதாக வட்டமடித்துத் திரும்பி வருவதற்குள் விழுந்தவன் வெகு தூரம் பின்தங்கிவிடுவான். தண்ணீருக்கு மேலே அவனுடைய தலை மட்டும்தான் தெரியும். அதனால் அவன் விழுந்ததைப் பார்த்தவனுக்கு ஒரே வேலை. அந்தத் தலையை நோக்கிக் கையை நீட்ட வேண்டும். கப்பல் எப்படித் திரும்பினாலும் கை அந்தத் தலையை விட்டு விலகக் கூடாது. மிதவையை எறிவது, மணியடிப்பது, படகை இறக்குவது எல்லாம் மற்றவர்கள் பாடு. கப்பல் அந்தக் கையைப் பார்த்துத்தான் போகும்.

இதைப் பழகிக்கொள்ள எங்களுக்குத் தண்ணீர் ஏது? எங்கள் சார் மாஸ்க் ரோட்டையே கடலாக்கிவிட்டார். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கப்பலின் மேல்தளத்தில் டெக் வேலை பார்த்து ஓய்ந்து, மனைவியின் ஊர் என்பதால் பெங்களூரில் வந்து மாட்டிக்கொண்டவர். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். எந்த ஏரியாவிலிருந்து வருகிறாயோ அதுதான் உன் பெயர். பின்தெருவிலேயே குடியிருந்ததால் எனக்கு "லோக்கல்" என்று பெயர். மற்ற இருவரும் நீலசந்திரா, ஆனேக்கல். நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

பயிற்சி இப்படி நடக்கும். சாயங்காலம் ரோட்டில் கூட்டம் சேர்ந்ததும் ஒருவன் படியிறங்கிப் போய்க் கூட்டத்துக்குள் கலந்துவிட வேண்டும். அவன்தான் விழுந்தவன். மாடியிலிருந்து இன்னொருவன் அவனை நோக்கிக் கை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சார் ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பார். அது எரிந்து முடியும் நேரம்தான் கப்பல் திரும்பி வரும் நேரம். சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு மூன்றாவது பையனை அனுப்புவார். அவன் மாடியில் நீண்டிருக்கும் கையைப் பார்த்துக்கொண்டே ரோட்டில் ஓடி, கை எந்த ஆளைக் காட்டுகிறதோ அந்த ஆளைச் சட்டையைப் பிடித்து இழுத்துவர வேண்டும். கேட்கவே கேலிக்கூத்தாக இருக்கும். பேக்கரிக்காரருக்கு அது தினசரித் தமாஷ்.

நான் கை நீட்டிய ஒரு நாள், சமோசா வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதரைப் பிடித்து இழுத்துவந்துவிட்டார்கள். அவர் மூன்று மாடியும் ஏறிவந்து என்னைப் பார்த்துக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. பாதி தக்கினி உருதுவில் கேட்டதால் பாதிதான் எனக்குப் புரிந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. சார் தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே லோக்கல், நீ காட்டுத கைய நம்பி ஒருத்தன் தண்ணிக்குள்ள கெடக்கான். நீ இன்னொருத்தனக் காட்டிட்டு நிக்க." நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சார் மட்டும் சிரிக்கவில்லை.

ஆனேக்கல்காரனுக்கு அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. பேச்சு குறைவு, தமிழும் கன்னடமும் கலந்து நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் பார்வை என்றால் அப்படி ஒரு பார்வை. கண்கொத்திப் பாம்பு என்பார்களே, அது அவன்தான். அவனை ஏமாற்றுவதையே நீலசந்திராக்காரன் வாழ்க்கை லட்சியமாக வைத்திருந்தான். விழுந்தவனாகப் போவதற்கு அவன்தான் எப்போதும் முன்னால் நிற்பான். பேக்கரியிலிருந்து பன் தட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு போவான். ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு அவர்கள் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே நடப்பான். சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வான். எதுவும் பலிக்கவில்லை. மாடியில் ஆனேக்கலின் கை அவன் பின்னாலேயே வரும். திரும்பி வந்து மூச்சிரைக்க, "டேய், நான் செத்தாலும் என்னைக் கண்டுபுடிச்சிருவடா நீ" என்று அவன் தோளில் குத்துவான். இதை நீலசந்திராக்காரன் தன் வீட்டிலும் போய்ப் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

நீலசந்திராவில் அவன் வீட்டுக்கு நாங்கள் அடிக்கடி போவோம். அப்பா இல்லை. அம்மா பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை பார்த்தார். தைத்து வரும் சட்டைகளை விளக்குக்குக் கீழே விரித்து, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, பிசிறு நூல் எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை. எங்கள் சட்டைகளைக்கூட விட மாட்டார். வாசலில் நுழையும்போதே, "இன்னாப்பா இது, காலர் கோணலா போட்டுருக்கான்?" என்பார். வெளிநாட்டுக்காரன் போடுகிற சட்டை தன் கண்ணைத் தாண்டித்தான் போகிறது என்பதில் அவருக்கு நியாயமான கர்வம். "கண்ண எடுக்காம பாத்தா தப்பு போவாது. போச்சுன்னா கண்ண எடுத்துட்டோம்னு அர்த்தம். அவ்ளோதான்." இதை அவர் சோறு போடும்போதுகூடச் சொல்வார்.

படிப்பு முடிந்ததும் மருத்துவப் பரிசோதனை. என் கண் தேறவில்லை. கண்ணாடி போட வேண்டிய கண் டெக் வேலைக்கு ஆகாது என்று டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். சமோசாக்காரருக்கு நியாயம் கிடைத்தது என்று நீலசந்திராக்காரன் சிரித்தான். நான் வீட்டில் போய் அழுதேன். அவர்கள் இருவருக்கும் மும்பை ஏஜென்ட் ஒருவர் மூலம் ஒரே கப்பல் கிடைத்தது. நீலசந்திராக்காரன் அம்மாவுக்கு அதில் அவ்வளவு நிம்மதி. கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஆனேக்கல்காரன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூட இருக்கறதால நான் பயப்படலப்பா, இவன் எங்க போனாலும் ஒன் கண்ணு இருக்குமில்ல" என்றார். அவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

முதல் முறை போய் நல்லபடியாக வந்தார்கள். அம்மாவுக்கு ஒரு மிக்ஸி வந்தது. இரண்டாவது முறை போனதில் நீலசந்திராக்காரன் வரவில்லை.

நடந்தது இதுதான். மழைக்காலம், அரபிக்கடல். பட்டப்பகலில், டெக்கில் கயிறுகளை ஒதுக்கிக் கட்டும்போது ஓர் அலை ஏறி வந்து அவனை அடித்துக்கொண்டு போயிற்று. பக்கத்தில் நின்ற ஆனேக்கல்காரன் குரல் கொடுத்தான், ஓடிவந்தவர்கள் மிதவையை எறிந்தார்கள். காற்று மிதவையை வேறு பக்கம் தள்ளிவிட்டது. ஆனேக்கல்காரன் அதற்குள் கையை நீட்டியிருந்தான். தலை தெரிந்தது. அலை ஏறும்போது தெரியும், இறங்கும்போது மறையும், மறுபடி தெரியும். கப்பல் வட்டமடித்துத் திரும்பியது. அவன் கை நகரவே இல்லை. கப்பல் அந்தக் கையைப் பார்த்து வந்து சேர்ந்த இடத்தில், மட்டையோடு கறுத்துப்போன ஒரு தேங்காய் மிதந்துகொண்டிருந்தது.

அன்று முழுவதும் தேடினார்கள். மறுநாளும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

ஆனேக்கல்காரன் ஊருக்கு வந்ததும் நேராக நீலசந்திராவுக்குத்தான் போனான். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டான். தேங்காயைப் பற்றி அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம். கப்பலில் மற்றவர்கள் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இவன் ஒன்றுவிடாமல் சொன்னான்.

"நான் கண்ண எடுக்கலம்மா. எப்ப அது அவன் தலையா இல்லாம போச்சுன்னு எனக்கு கொத்தே ஆகல" என்றான். தெரியவே இல்லை என்பதைக் கன்னடத்தில் சொல்வது அவனுக்குப் பழக்கம்.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"கண்ண எடுக்காம எப்பிடிப்பா மாறும்? நான் காலையிலேந்து சாயங்காலம் வரைக்கும் அதே வேலதான செய்றேன்? எனக்குத் தெரியாதா? ஒரு நிமிசம் திரும்பிட்டேன்னு சொல்லு, பயத்துல கண்ண மூடிட்டேன்னு சொல்லு. நான் ஏத்துக்கறேன். பொய் சொல்லாத."

"பொய் இல்லம்மா."

"தப்பவே மாட்டான் தப்பவே மாட்டான்னு எம்புள்ள ஒன்னப் பத்தி வாய் ஓயாம சொல்வானே. தப்பாதவனுக்கு எப்பிடித் தப்புச்சு? போ. இனிமே இந்த வாசப்படி ஏறாத."

அவன் போகவில்லை. வெளியே தெருமுனையில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றுகொண்டான். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆனேக்கலிலிருந்து பஸ் ஏறிவந்து அங்கேயே நின்றான். அம்மா தண்ணீர் பிடிக்க வருவதையே நிறுத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பிடித்துக் கொடுத்தார்கள். சில மாதம் கழித்து அவனும் வருவதை நிறுத்தினான்.

நான் ஆனேக்கலுக்குப் போய்ப் பார்த்தபோது, அவன் அக்கா வீட்டுப் பின்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான். கப்பலுக்குத் திரும்பப் போகவில்லை, வேறு வேலைக்கும் போகவில்லை. ஜன்னலை அவனே ஆணி அடித்து மூடிவைத்திருந்தான். எதையாவது தூரத்தில் பார்த்தால் அது அது இல்லையோ என்று தோன்றுகிறதாம். மாடு என்று பார்த்தால் மாடுதானா, அக்கா என்று பார்த்தால் அக்காதானா என்று பக்கத்தில் வரும்வரை நடுக்கமாம். "மச்சா, அந்தம்மா சொல்றதுதான் சரியா இருக்குமோ? நான் கண்ண எடுத்துட்டு அது ஞாபகம் இல்லாம இருக்கனோ?" என்று என்னையே கேட்டான். செய்யாத தப்பைச் செய்துவிட்டதாகவே அவன் நம்பத் தொடங்கியிருந்தான்.

இந்தப் பக்கம் அம்மாவும் அப்படித்தான் கரைந்துகொண்டிருந்தார். வேலைக்குப் போனார், வந்தார். மகன் படத்துக்கு மாலை போடவில்லை. ஆளைப் பார்க்காமல் மாலை போட மாட்டேன் என்று உறவுக்காரர்களை விரட்டிவிட்டார். நான் போகும்போதெல்லாம் அதே கேள்வி. சோறு போட்டுக்கொண்டே கேட்பார், தட்டைக் கழுவிக்கொண்டே கேட்பார். "நீ சொல்லுப்பா. நீயும் அதப் படிச்சவன்தான? அவன் கண்ண எடுத்தானா, எடுக்கலையா?"

ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கு வரும் கோபம் எப்போதும் தப்பான நேரத்தில்தான் வரும். "நீங்களே ஒரு தடவ மாடியில நின்னு கை நீட்டிப் பாருங்கம்மா, அப்ப தெரியும்!" என்று கத்திவிட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் இப்படியா பேசுவது என்று அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "சரி, கூட்டிட்டுப் போ" என்றார்.

அதற்குள் பயிற்சி வகுப்பு மூடப்பட்டு, மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வந்திருந்தது. வீட்டுக்காரர் என்னைத் தெரிந்தவர் என்பதால் மொட்டைமாடிச் சாவியைக் கொடுத்தார். அது ரம்ஜான் நோன்பு மாதம். நோன்பு திறக்கும் நேரம் நெருங்க நெருங்க மாஸ்க் ரோட்டில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. கபாப் புகை, வாகன ஹாரன், தள்ளுவண்டிகள். அம்மா கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்து கீழே எட்டிப்பார்த்தார். முதல்முறையாகத் தன் மகனுடைய கடலை அவர் பார்த்தார்.

நான் அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். வேண்டுமென்றே எந்தத் தந்திரமும் செய்யக் கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். "நான் சும்மா நடந்து போறேம்மா. ஒளிய மாட்டேன். கைய மட்டும் என் மேலேருந்து எடுக்காதீங்க" என்றேன். "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றார். ஒரு சட்டையை விளக்கடியில் விரிக்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

ரோட்டில் இறங்கிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். மாடியில் அவர் கை நேராக என்னை நோக்கி நீண்டிருந்தது. உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த அம்மா என்னை விட மாட்டார் என்று தோன்றியது. சின்ன வயதில் யாரோ பின்னால் நின்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது வருமே, அந்தத் தைரியம். மறுபடி நடந்தேன். பள்ளிவாசல் பக்கமிருந்து ஒரு கூட்டம் எதிரே வந்து என்னைக் கடந்து போயிற்று. நான் ஒதுங்கவில்லை, குனியவில்லை. அவர்கள் போனதும் மறுபடி திரும்பிப் பார்த்தேன்.

கை நீண்டுதான் இருந்தது. ஆனால் என்னை நோக்கி இல்லை. நான் நின்றுகொண்டிருந்தேன். கை நகர்ந்துகொண்டிருந்தது. மெதுவாக, நிதானமாக, ரோட்டின் எதிர்ப்பக்கம் நோக்கி யாரையோ பின்தொடர்ந்து போனது. நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். "அம்மா" என்று கத்தினேன். இரைச்சலில் எதுவும் கேட்டிருக்காது. அந்தக் கை எனக்காகத்தான் நீட்டப்பட்டிருந்தது, என்னைத் தேடித்தான் போனது, என்னை விட்டுவிட்டுப் போனது.

அந்த இடத்தில் எனக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்துவிட்டது. தண்ணீரிலிருந்து நீலசந்திராக்காரன் பார்த்தது இதைத்தான். கப்பல் திரும்புகிறது, ஓரத்தில் நண்பன் நிற்கிறான், கை நீட்டியிருக்கிறான், தப்பவே தப்பாத கை. அது அவனுக்குக் கொஞ்சம் தள்ளி, வேறு எதையோ காட்டுகிறது. கப்பல் அந்தப் பக்கம் போகிறது. அவனும் என்னைப் போலக் கையை ஆட்டியிருப்பான், கத்தியிருப்பான்.

இப்போது எவ்வளவோ வருடம் ஆகிவிட்டது. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். கடைத்தெருவில் அவள் எனக்கு முன்னால் நடந்து போனால் நான் கண்ணை எடுப்பதில்லை. ஆனால் கண்ணை எடுக்காததால் எனக்கு எந்த நிம்மதியும் கிடையாது. ஓடிப்போய்த் தோளைத் தொட்டுத் திருப்பி முகத்தைப் பார்த்தால்தான் மூச்சு வரும். "என்னப்பா, என்னாச்சு?" என்று எரிச்சலோடு கேட்பாள். ஒன்றுமில்லை என்பேன்.

அன்று நான் ரோட்டிலிருந்து அவசரமாக மாடிக்கு ஏறினேன். அம்மா கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். நீட்டிய கையை இடது கையால் முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தார். கண் இமைக்கவில்லை, கண்ணிலிருந்து நீர் வழிந்தது. காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"யாருப்பா? பக்கத்துல வராத. பையன் அந்தப் பூக்கடைகிட்ட நிக்கறான். கண்ணு எடுத்தா போயிரும்."

நான் இங்கே நிற்கிறேன் என்று சொன்னால் போதும். சொன்னால் ஆனேக்கல்காரன் பொய் சொல்லவில்லை என்று ஆகிவிடும். ஆனால் அதோடு அவர் மகன் எப்படிப் போனான் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். ஒருவன் கண்ணை எடுத்துவிட்டான் என்பதாவது கோபப்பட இடம் கொடுக்கும். இது எதற்கும் இடம் கொடுக்காது. பேசாமல் கீழே போய்ப் பூக்கடைக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு ஆனேக்கல்காரன் ஆணி அடித்து மூடிய ஜன்னல் நினைவுக்கு வந்தது.

"அம்மா, நான் வந்துட்டேன்" என்றேன்.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். கை இன்னும் ரோட்டை நோக்கி நீண்டபடியே இருந்தது.

"அப்ப அது யாரு?" என்றார்.

கீழே பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. கூட்டம் சட்டென்று கலைந்து பேரீச்சம்பழத்துக்கும் தண்ணீருக்கும் உட்கார்ந்தது. ரோடு பாதி காலியாயிற்று. அவர் கை நீண்டிருந்த இடத்தில் இப்போது யாருமே இல்லை. அதன் பிறகும் கொஞ்ச நேரம் அவர் கையை இறக்கவில்லை. நான்தான் தோளைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டேன்.

"நான் எடுக்கலப்பா. சத்தியமா எடுக்கல" என்றார். நீலசந்திரா போய்ச் சேரும்வரை அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் நின்று, "ஞாயித்துக்கிழம அந்தப் பையன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் ஆனேக்கல் பஸ் ஏறினோம். பஸ்ஸில் கூட்டம் இல்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் தோளிலிருந்து தைல வாசனை வந்தது. சந்தாபுரா தாண்டியதும், "கீழேந்து நீ என்னப் பாத்தியா?" என்று கேட்டார்.

"கூட்டத்துல ஒண்ணும் தெரியலம்மா" என்றேன்.

அவர் என்னை ஒரு முறை உற்றுப் பார்த்தார். கோணல் காலரைக் கண்டுபிடிக்கிற கண் அது. நம்பினாரா என்று தெரியாது. மேற்கொண்டு கேட்கவில்லை. நான் கீழே நின்று பார்த்ததை அவரிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. ஆனேக்கல்காரனிடமும் சொல்லவில்லை.

அக்கா கதவைத் திறந்து எங்களைப் பார்த்துப் பயந்துவிட்டார். பின்னறையில் அவன் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான். அடி வாங்கத் தயாராக நிற்பது போல் நின்றான். அம்மா உள்ளே போனார். இருட்டில் அவன் முகத்தைப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் எதையும் கேட்கவில்லை, மன்னிப்பு என்ற பேச்சையும் எடுக்கவில்லை. அவனுடைய வலது கையைத் தோளருகே பிடித்து, முழங்கை, மணிக்கட்டு என்று மெல்ல அமுக்கிக்கொண்டே வந்தார்.

"எனக்குக் கொஞ்ச நேரத்துக்கே தோள் கழண்டுடுச்சுப்பா. கப்பல் திரும்பற வரைக்கும் நீட்டிட்டே நின்னியே, ஒனக்கு எவ்ளோ வலிச்சிருக்கும்" என்றார்.

அவன் அவர் முகத்தைப் பார்த்தான். "ஆமாம்மா," என்றான், "ரொம்ப வலிச்சுது."